பின்னால் ஓடுவோரை மூடும் தீர்மானம்

உலகத்தையே புரட்டிப் போட்ட தத்துவங்கள் பெரும்பாலும் மரத்தடியிலோ, சிறைச்சாலையிலோ, மலைக்குகையிலோதான் பிறந்திருக்கின்றன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலுள்ள பாவடித் தெருவுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. ஆகவே அந்தத் தெருவின் மகத்தான தத்துவம், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆனி மாதத்தில், தேவசகாயத்தின் செல்போன் கடையில் பிறந்தது. அது உதித்த சிரம் திருவாளர் பரமசிவத்துக்குச் சொந்தமானது.

பரமசிவம் பல தறிகளுக்கு முதலாளி. பாவடித் தெரு வேல்முருகன் கோயில் ஆடிக் கிருத்திகை விழாக் கமிட்டிக்கு அந்த ஆண்டுதான் தலைவரானார். ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. பழைய தலைவர் செவிலிமேட்டில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார், வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பதெல்லாம் குறிப்பிடத்தகாதவை.

அவருடைய மகள் சங்கரிக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆனந்தகுமாரை நிச்சயம் செய்திருந்தார்கள். வருங்கால மாமனாருக்கு மாப்பிள்ளை ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். பட்டனே கிடையாது, விரலால் தடவினால் போதும். அதற்குமுன் எதையும் தடவிப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் பரமசிவத்துக்குப் பட்டுப்புடவை விஷயத்தில் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்த விரல் போனை விட்டு இறங்கவே இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான். காலையில் வயிறு நிறைய சார்ஜ் ஏற்றினால் மத்தியானம் சோற்று வேளைக்குள் போன் கண்ணை மூடிவிடும். அப்போது பார்த்துக் கரண்டும் போய்விடும். மின்வாரியத்துக்கும் போனுக்கும் ஏதோ ரகசிய உடன்படிக்கை இருப்பதாகவே பரமசிவம் நம்பினார்.

தேவசகாயம் போனை வாங்கி நாலு தடவு தடவினார்.

"இன்னா தலைவரே, உள்ளார இத்தினி பேர ஓட வுட்டுக்கினு இருக்கீங்க?"

"யாரு ஓடறா? நான் ஒண்ணுமே பண்ணலியேபா."

"நீங்க பண்ணல. அதுங்களா பின்னாடி ஓடிக்கினு இருக்குது. பாருங்க, கடிகாரம், மெயிலு, மழை வருமான்னு சொல்றது. கண்ணுக்கே தெரியாது, ஆனா சார்ஜ மட்டும் தின்னுக்கினு இருக்கும். வேணாங்கிறத க்ளோஸ் பண்ணிடுங்க."

மற்றவர்கள் என்றால் சரி என்று எழுந்து போயிருப்பார்கள். பரமசிவம் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல், பின்னால், தின்றுகொண்டு! அவர் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. அன்றைக்குக் கடைக்குள் சென்றவர் ஒரு மாஸ்டர் வீவர். வெளியே வந்தவர் ஒரு ஞானி.

தத்துவத்தின் முதல் பரிசோதனை வீட்டில் நடந்தது. சமையலறை ரேடியோவை நிறுத்தினார்.

"இன்னாத்துக்கு அத்த நிறுத்துறீங்க?" என்றாள் மனைவி தில்லையம்மாள்.

"யாரும் பாக்காம பின்னாடி ஓடிக்கினு இருக்குது."

"ரேடியோவ யாருங்க பாப்பாங்க? நான் கேட்டுக்கினுதான குழம்பு தாளிக்கிறேன்."

"அதுவேறயா? நீயும் பின்னாடிதான் இருக்க" என்றார் பரமசிவம். தத்துவத்தில் நின்று பேசும்போது குடும்பப் பாசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. அன்று குழம்பில் உப்பு இல்லை. அதையும் அவர் சிக்கனம் என்றே எடுத்துக்கொண்டார்.

இதன் நடுவே ஒரு கவலையும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. சம்பந்தி ராமலிங்கம் ஆரணிக்காரர். ஆரணியில் அவர் தெருக் கோயிலில் முதல் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத்தை மென்றுகொண்டே, "உங்க ஊர்ல உங்களுக்கு எப்பிடி மரியாதைங்க?" என்று கேட்டுவிட்டார். பரமசிவத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்க சம்பந்தி. மயில் வாகனத்துல சாமி நம்ம வாசல்ல வந்து நிக்கும். குருக்கள் எனக்குப் பரிவட்டம் கட்டினப்புறம்தான் நகரும்" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் தலைவர்கூட இல்லை. தலைவரானதே இந்த வாயைக் காப்பாற்றத்தான். சம்பந்தியும் குடும்பத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பட்டுத்துணி சம்பந்தி கண்ணெதிரே தன் தலையில் ஏறவில்லையானால், ஆரணியில் கல்யாணம் முடிகிறவரைக்கும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது என்று பரமசிவத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே விழா குறையில்லாமல் நடக்க வேண்டும். கமிட்டிக் கூட்டம் கூட்டப்பட்டது. பொருள்: சென்ற ஆண்டு புறப்பாடு முடிந்து வந்தபோது புளியோதரை உருளி காலியாக இருந்ததும், கமிட்டியினரே வெறும் சுண்டலோடு வீடு திரும்ப நேர்ந்ததும்.

தலைவர் எழுந்து நின்றார். போனை உயர்த்திப் பிடித்தார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து, கோயில் மண்டபத்துக்கே ஒரு களை வந்தது.

"உருளியில ஏன் சார்ஜ் நிக்கல?" என்று கேட்டார்.

காரியதரிசி கச்சபேசன் மட்டும், "அரிசி கொஞ்சம் கம்மியா போட்டுட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது தத்துவத்துக்குப் புறம்பானது என்பதால் பதிவு செய்யப்படவில்லை.

"பின்னாடி ஓடறவங்க தின்னுடறாங்கபா! சாமிக்கு முன்னாடி யாரு வர்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியுது. மேளம், கமிட்டி, நானு. பின்னாடி யாரு யாரு வர்றா? சொல்லு."

காரியதரிசி விரல் விட்டு எண்ணினார். ஏகாம்பரம் மூங்கில் கழியோடு வருவார். தெருவின் குறுக்கே தொங்கும் கேபிள் டிவி ஒயர்களைக் கவைக்கழியால் தூக்கிப் பிடித்து, குடையும் மயில் தோகையும் சிக்காமல் சாமியை அனுப்பி வைப்பது அவர் வேலை. அப்புறம் ஆயக்கால் தூக்குகிற அண்ணன் தம்பிகள். வாகனம் தூக்குகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது, சாமியைத் தரையில் இறக்காமல் தண்டுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைதான் ஆயக்கால். அப்புறம் தீவட்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வருகிற பட்டம்மாள்.

"இவங்களுக்குப் பிரசாதம்?"

"அவங்களுக்குத்தான் மொத பங்கு. ராத்திரி முச்சூடும் நடக்கறாங்க இல்ல?"

"ஆங்! மாட்டிக்கினாங்க பாத்தியா!" என்றார் பரமசிவம்.

கச்சபேசனுக்கு மனசு கேட்கவில்லை. "ஒயர் தொங்குதே தலைவரே, யாரு தூக்குவா?"

"போன வருஷம் ஒயர் சாமி மேல பட்டுச்சா?"

"படல."

"முந்தின வருஷம்?"

"அப்பவும் படலிங்க."

"படவே படாத ஒயருக்கு இன்னாத்துக்குபா ஒரு ஆளு?"

இப்படிப்பட்ட தர்க்கத்தின் முன்னால் மனிதர்கள் பேசக் கூடாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. "சாமி புறப்பாட்டில் பின்னணியில் இயங்குவோரின் இயக்கத்தை மறு உத்தரவு வரும்வரை மூடி வைப்பது" என்று தீர்மானம் நிறைவேறியது. மிச்சமாகும் ஆற்றலை விழாவின் முகப்பில் செலவிடுவது என்று துணைத் தீர்மானமும் நிறைவேறியது. முகப்பு என்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அதுவாகவே தெரிந்தது. பரமசிவத்தின் வீட்டுக்குச் சற்று முன்னால், தெருவின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டப்பட்டது. ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு முருகன். மீதி இடம் முழுக்கக் கையில் போனோடு பரமசிவம். பேனரைச் சுற்றி சீரியல் பல்பு, மேலே ஃபோகஸ் விளக்கு. பாரம் தாங்காமல் கேபிள் ஒயர்களையும் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, பேனர் நடுவில் தொந்தி போட்டுத் தொங்கியது.

மூடப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இந்தத் தெருவின் பெருந்தன்மை. ஏகாம்பரத்திடம் காரியதரிசி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அவர் முகம் மலர்ந்தது.

"நெசமாவா? அப்போ நான் சாமிய முன்னாடி நின்னு கும்புடலாமா? இத்தினி வருஷமா மேல ஒயரத்தான்பா பாத்துக்கினு வர்றேன். முருகன் இன்னா கலர் வேட்டி கட்டிக்கினு வர்றாருன்னே எனக்குத் தெரியாது."

ஆடிக் கிருத்திகையும் வந்தது. சாயங்காலம் சம்பந்தி ராமலிங்கம் குடும்பத்தோடு வந்து, பரமசிவத்தின் வீட்டு வாசலில் போட்ட நாற்காலியில் அமர்ந்தார். தில்லையம்மாள் காபி கொடுத்தாள். சங்கரி பட்டுப்புடவையில் கதவோரம் நின்றாள். கோயிலிலிருந்து மயில் வாகனம் புறப்பட்டது. நாயனம், தவில், வேட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் பரமசிவம் பட்டு வேட்டி சரசரக்க நடந்தார். நிமிடத்துக்கொரு தடவை போனை எடுத்து, திரையை ஏற்றி, உள்ளே யாராவது பின்னால் ஓடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். காலையிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விழிப்போடு இருப்பவனை யார்தான் ஏமாற்ற முடியும்!

பாதித் தெருவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆயக்கால் இல்லாததால் தூக்குகிறவர்கள் நின்று இளைப்பாற முடியவில்லை. ஆகவே சாமி வழக்கத்தைவிட வேகமாக வந்தார். இதைத் தலைவர் நிர்வாகத் திறனில் சேர்த்துக்கொண்டார். எண்ணெய் ஊற்ற ஆள் இல்லாததால் தீவட்டிகள் மங்கின. அதனால் பேனர் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பேனருக்கு அந்தப் பக்கம் பரமசிவத்தின் வாசல், வாசலில் சம்பந்தி. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது குடையின் உச்சி, பேனரின் தொந்தியில் போய்க் குத்தியது. மயில் தோகையில் ஒரு கேபிள் ஒயர் சுற்றிக்கொண்டது.

"நில்லு நில்லு நில்லு!" என்று குருக்கள் வாகனத்தின் மேலிருந்து கத்தினார்.

நாயனம் நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பின்னால் இழுத்தால் தோகை ஒடிந்துவிடும். கீழே இறக்கவும் கூடாது. சாமி வீதியில் தரை தொட்டால் ஊருக்கே ஆகாது. "தோளு போவுதுபா, ஆயக்கால குடுங்கபா!" என்று தூக்குகிறவர்கள் அலறினார்கள். ஆயக்கால் கோயில் மடப்பள்ளியில் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது.

பரமசிவத்துக்கு வேர்த்துக் கொட்டியது. பேனரின் இடுக்கு வழியாகச் சம்பந்தியின் தலை தெரிந்தது. அந்தத் தலை எட்டி எட்டிப் பார்த்தது. ஐயோ, முருகா, இவ்வளவு கிட்ட வந்த பிறகா மானத்தை வாங்குவாய் என்று உள்ளுக்குள் அழுதார். கேபிள்காரனைக் கூப்பிட்டு ஒயரை அவிழ்க்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். சார்ஜ் சிவப்புக் கோட்டில் நின்றது.

"எவனோ ஓடறான்! இன்னும் பின்னாடி எவனோ ஓடிக்கினு இருக்கான்! எல்லாரையும் க்ளோஸ் பண்ணேனேபா!"

கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்த தேவசகாயம் பதறிப்போய் முன்னால் வந்தார். "குடுங்க தலைவரே. யாரு எவ்ளோ தின்னாங்கன்னு இதுலயே கணக்கு காட்டும்" என்று போனை வாங்கித் தடவினார். மேளம் நின்றிருந்ததால் தெருவே நிசப்தமாக இருந்தது. அவர் சாதாரணமாகத்தான் படித்தார், ஆனால் கோடி வீடுவரை கேட்டது.

"பின்னாடி ஓடறது எல்லாம் சேத்து ஏதோ துளியூண்டு தலைவரே. முக்காவாசிக்கு மேல தின்னது இந்த ஸ்க்ரீனு. முன்னாடி பளபளன்னு எரியுது பாருங்க, இதான். சும்மா சும்மா எடுத்துப் பாத்துக்கினே இருந்தீங்களா?"

தெரு முழுக்க ஒரே சமயத்தில் நிமிர்ந்து பேனரைப் பார்த்தது. யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. தலை தானாக நிமிர்ந்தது. ஃபோகஸ் விளக்கில் பரமசிவம் அங்கே கையில் போனோடு ஜொலித்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு போன் செத்தது. தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து முழு சார்ஜோடு வேறொரு பேட்டரியை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்தப் போன் தூங்கி எழுந்து, பல் விளக்கி, முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் காரியம் கெட்டுவிடும் போலிருந்தது. இடப்பக்கத் தண்டு சரிந்தது. குருக்கள் மயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"வுடாத வுடாத!" என்று கத்திக்கொண்டே ஏகாம்பரம் பாய்ந்து வந்து சரிந்த தண்டுக்குத் தோள் கொடுத்தார். முன்வரிசையில் கைகூப்பி முருகனின் வேட்டி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆயக்கால் அண்ணன் தம்பிகளும் ஓடி வந்து, கட்டைக்குப் பதிலாகத் தாங்களே ஆளுக்கொரு பக்கம் முட்டுக் கொடுத்தார்கள். பட்டம்மாள் யாரையும் கேட்காமல் எண்ணெய்த் தூக்கோடு தீவட்டிக்கு நடந்தாள். வீட்டிலிருந்து வரும்போதே எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருக்கிறாள்.

"ஒயரு! ஒயர யாராச்சும் தூக்குங்கபா!" என்றார் குருக்கள்.

"கழி அதோ, கரண்டு கம்பத்துல சாஞ்சிருக்குது" என்று ஏகாம்பரம் தண்டின் கீழிருந்து மூச்சு வாங்கினார். "கை சும்மா இருக்கலன்னு எடுத்துக்கினு வந்தேன். நான் மூடி வெச்ச ஆளாச்சேன்னு கம்பத்துல சாச்சிட்டேன். என் கை ரெண்டும் இங்க இருக்குது. நீங்க எடுங்க தலைவரே!"

சுற்றிலும் பார்த்தால் எல்லார் கையிலும் ஏதோ ஒரு வேலை இருந்தது. மேளக்காரர் கையில் மேளம். குடைக்காரர் கையில் குடை. வேலை இல்லாத கை அந்தப் புறப்பாட்டிலேயே தலைவருடையது ஒன்றுதான். பரமசிவம் போனை மடியில் கட்டினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கழியை எடுத்து, கவையைப் பேனரின் அடிக்கயிற்றில் கொடுத்து, தம் பிடித்துத் தூக்கினார். தன் முகம்தான் எவ்வளவு கனம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தலைவரே! அப்பிடித்தான்! வுட்றாதீங்க!"

தோகையிலிருந்து ஒயர் விடுபட்டது. மயில் வாகனம் பேனருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. நாயனம் மறுபடி கிளம்பியது. பரமசிவம் கழியை எடுக்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க!" என்று தெருவே கத்தியது. "வாகனத்தோட பின்தண்டு இன்னும் வெளில வரல. வுட்டா குருக்கள் தலையிலதான் வந்து வுழும்!"

சாமி பரமசிவத்தின் வாசலில் நின்றார். சரியாக, அவர் சொன்னபடியே நின்றார். பேனருக்கு அந்தப் பக்கம் சாமியும் சம்பந்தியும். இந்தப் பக்கம் தன் படத்தைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு பரமசிவம். கற்பூரத்தின் மணம் வந்தது. பேனரின் காற்றுத் துளை ஒன்றில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"கமிட்டித் தலைவர் எங்கே? பரிவட்டம் கட்டணும், சீக்கிரம் வரச் சொல்லுங்கோ!" என்றார் வாகனத்திலிருந்து இறங்கி வந்த குருக்கள், தட்டில் பட்டுத்துணியோடு.

"இதோ இருக்கேன்! இங்க இருக்கேன்!" என்று பரமசிவம் கத்தினார். தவில்காரர் அப்போதுதான் உற்சாகம் வந்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி ராமலிங்கத்துக்குப் பரிவட்டத்தைக் கண்ட பழக்கம் அதிகம். துணி கண்ணில் பட்டதும் தலை தானாகக் குனிந்துவிடும். இப்போதும் குனிந்தது. தூக்குகிறவர்கள் தோள் நோகிறதே என்ற அவசரத்தில் குருக்கள், குனிந்த தலை எதுவானாலும் சரி என்று கட்டிவிட்டார். மாலையும் போட்டார். சாமி நகர்ந்தார்.

பரமசிவத்தின் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை.

"ஏம்மா, சம்பந்தி எங்க? ஆளையே காணோமே" என்று ராமலிங்கம் பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டது அவர் காதில் விழுந்தது.

"பின்னாடி ஓடிக்கினு இருக்காருங்க" என்றாள் தில்லையம்மாள்.

வாசலோடு முடிந்துவிடவில்லை. மீதித் தெரு முழுவதும் ஒயர். ஏகாம்பரத்தின் தோள் தண்டை விட்டு வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டதால், கழியும் பரமசிவத்தின் கையை விட்டு இறங்கவில்லை. கோயில் வாசலில் வாகனம் இறங்கும்வரை, வானத்தைப் பார்த்தபடியே சாமிக்குப் பின்னால் நடந்தார். முருகன் என்ன நிற வேட்டி கட்டியிருந்தார் என்று அவருக்கும் தெரியாது. பிரசாதம் கொடுக்கும்போது பட்டம்மாள் வரிசையை விலக்கி, "ஒயரு தூக்குனவருக்கு மொதல்ல போடுங்கபா" என்று ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். அரிசி தாராளமாகப் போட்டிருந்ததால் உருளியில் எல்லாருக்கும் புளியோதரை இருந்தது.

ஆரணிக்காரர்கள் மகிழ்ச்சியாகப் புறப்பட்டார்கள். "உங்க ஊர் மரியாதைக்குக் கொறைச்சலே இல்ல சம்பந்தி. வந்தவனுக்கே பரிவட்டம் கட்டி அனுப்புறீங்களே!" என்று ராமலிங்கம் பரமசிவத்தைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் பிழைத்தது. அந்தவரைக்கும் முருகன் அருள்.

வீட்டுக்கு வந்து, வலிக்கும் தோளைத் தேய்த்துக்கொண்டே பரமசிவம் மடியிலிருந்து போனை எடுத்தார். தேவசகாயம் பேட்டரி போட்டுக் கொடுத்ததிலிருந்து அவர் அதைத் தொடவேயில்லை. திரையை ஏற்றினார். சார்ஜ் கிட்டத்தட்ட அப்படியே, முழுசாக இருந்தது. அவர் முகத்தில் பழைய ஞானம் திரும்பவும் சுடர்விட்டது.

"தில்ல, இங்க வந்து பாரு! கொஞ்சம்கூடக் கொறையல! நான்தான் சொன்னேனே. பின்னாடி ஓடறவங்கள க்ளோஸ் பண்ணா எல்லாம் நின்னு நிலைக்கும்னு!"

தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய், ஒரு மாதமாக மூடிக் கிடந்த ரேடியோவைத் திருகினாள்.

"இன்னிக்கி பின்னாடி எல்லாரும்தாங்க ஓடினாங்க" என்றாள். "முன்னாடி நீங்க ஒருத்தர்தான் இல்ல."